ஒரு பவுணும் ஒரு கிராமும்

நகைக்கடைத் தராசில் தூண்டில் கயிற்றை நிறுத்துப் பார்த்த ஆள் கல்முனைக் கரையிலேயே ஒருவர்தான். அவரை நான் காக்கா என்று கூப்பிட்டேன்; எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப் பிறந்த காக்கா இல்லை, சாய்ந்தமருதில் என் கடைக்கு வந்து போகிற வாடிக்கையாளர். வாடிக்கையாளர் என்று சொல்வதும் பிழை. என்னிடம் ஒரு சாமானும் வாங்கியதில்லை.

என் கடையில் தூண்டில் முள், தங்கூசி என்கிற நைலோன் நூல், ஈயம், மிதப்பு எல்லாம் இருக்கும். மீன் பிடிக்கத் தெரிந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான்; அந்த வகுப்புக்கு என்னைப் பிரிய மனம் வரவில்லை. பிறகு வாப்பா என்னைத் தோணியில் ஏற்றிப் பார்த்தார். கரை மறைவதற்கு முன்னமே குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தேன். "இவன் படிப்புக்கும் சரிவரான், கடலுக்கும் சரிவரான்" என்று வாப்பா கடை போட்டுத் தந்தார். அன்றிலிருந்து மீன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மீன் பிடிப்பதைப் பற்றிப் புத்தி சொல்லிப் பிழைக்கிறேன். அதற்கு வாய் மட்டும் போதும்.

காக்கா முதல் நாள் வந்தபோது தோளில் நீளமான ஒரு குழாய் தொங்கியது. கையில் புத்தகம் மாதிரி மடிக்கிற ஒரு பை. அறுபது வயதிருக்கும். சேர்ட்டின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார்.

"மனே, சின்னத் தராசு இரிக்கா?"

"ஈயம் நிறுக்கிற தராசு இரிக்கி காக்கா."

"அரைக் கிராம் காட்டுமா?"

"அது அரைக் கிலோவையே யோசிச்சு யோசிச்சுத்தான் காட்டும்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நகைக்கடையைப் பார்த்தார். பவுண் விலை ஏறியதிலிருந்து அந்தக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். யார் எதை நிறுக்கக் கொண்டுபோனாலும் சந்தோஷப்படுகிற நிலைமை. காக்கா பையைத் திறந்தார். உள்ளே பக்கம் பக்கமாகக் கண்ணாடித் தாளில் தைத்த சேப்பு, ஒவ்வொரு சேப்பிலும் வளையமாகச் சுற்றிய ஒரு கயிற்றுத் துண்டு. ஒவ்வொன்றும் பத்தடி. ஒவ்வொன்றையும் எடுத்து முதலில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், பிறகு தராசில் வைத்தார், பிறகு மறுபடியும் உள்ளங்கை. நகைக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். எனக்கும் தெரியாது என்று நானும் கண்ணால் சொன்னேன்.

பிறகு பல நாள் என் கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து அவர் சொன்னதை வைத்து விளங்கப்படுத்துகிறேன். குழாய்க்குள் இருந்தது நான்கு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற தூண்டில் தடி. பூட்டினால் பதினாலு அடி. இரண்டு கையாலும் பிடித்து எறிய வேண்டும். நாங்கள் ஈயத்தின் பாரத்தால் தூண்டிலை எறிகிறோம். அதில் கயிறே பாரம். முன்பக்கம் தடித்த கயிறு, அதன் நுனியில் இந்தப் பத்தடித் துண்டு, அதற்கும் நுனியில் தங்கூசியும், மயிரும் இறகும் கட்டிய ஒரு முள்ளும். தடித்த கயிறு மிதக்கும், நுனித் துண்டு தாழும். எவ்வளவு கெதியாகத் தாழும் என்பது துண்டின் பாரத்தைப் பொறுத்தது. மெல்ல ஓடுகிற தண்ணீருக்கு லேசான துண்டு, வேகமாக ஓடுகிற தண்ணீருக்குப் பாரமான துண்டு. பிழையான துண்டைப் போட்டால் ஒன்றில் அடியில் சிக்கும், இல்லாவிட்டால் மீனுக்கு மேலால் போய்விடும்.

"இதுக்குப் போய் இவ்வளவு பாடா காக்கா? ஒரு ஈயக்குண்டக் கட்டினா முடிஞ்சிது."

"ஈயம் கல்லு மாதிரி விழும் மனே. இது பாய விரிச்ச மாதிரிப் போய்ப் படுக்கோணும்."

"எந்தப் பாய விரிக்கிறெண்டு யாரு சொல்லுற?"

"தண்ணி சொல்லும். அவசரப்பட்டாச் சொல்லாது."

இந்தக் கடைசிப் பேச்சை எதற்கும் சொல்வார். வத்தகப்பழம் வாங்கப் போனால் குவியலில் உள்ள அத்தனையையும் தூக்கிப் பார்ப்பார். முழுவதையும் வாங்கப் போகிறார் என்று நம்பி ஒரு வியாபாரி கதிரை எடுத்துப் போட்டான். ஒன்றுதான் வாங்கினார். ஆனால் அந்த ஒன்று தேனாக இருந்தது. என் வீட்டில் ஒருநாள் சாப்பிட வந்தவர், சோற்றுக் கரண்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, "தங்கச்சி, இந்தக் கரண்டி கைக்குப் பாரம், சின்னதால போடுங்க" என்றார். என் பெண்சாதி அன்றிலிருந்து சின்னக் கரண்டிதான் பாவிக்கிறாள். பதினைந்து வருஷமாக அவளுக்குக் கை நோகிறது என்று எனக்குத் தெரியாது.

அவர் இருபது வருஷம் ஸ்கொட்லாந்தில் ஒரு ஆற்றங்கரை விடுதியில் குசினியில் சமையல் வேலை செய்தவர். மீன் பிடிக்கவென்றே பணக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி. காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது அவர்கள் இந்தப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தத் துண்டு என்று தலையைப் பிய்ப்பார்களாம். இவர் குசினி யன்னலால் ஆற்றைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். மாலையில் அவர்கள் மீனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வேலைக்காரர்கள் அந்த ஆற்றில் முள் போடக் கூடாது. மீன் காலம் முடிந்த பிறகு, முள் இல்லாமல், வெறும் கயிற்றை எறிந்து பழகலாம். இவர் இருபது வருஷம் அப்படியே எறிந்தார். வேலையை விட்டு வரும்போது முதலாளி தடியையும் பையையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

"தெரிஞ்செடுத்துக் குடுத்தது நான். புடிச்சது அவங்க" என்றார்.

"அப்ப இந்தத் தடியால நீங்க ஒரு மீனும் புடிச்சதில்லயா?"

"இல்ல."

மீன் பிடிக்காத இரண்டு பேர் ஒரே வாங்கில் இருந்து மீனைப் பற்றிக் கதைக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

கடற்கரையில் அவர் எறிவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் தாழைப் பற்றை. அது அவருக்குத் தடையே இல்லை. கயிற்றை முதலில் தனக்கு முன்னால் தண்ணீரில் வைப்பார். ஒரு இழுப்பு. பக்கத்தில் அது தொட்டில் மாதிரி வளைந்து தொங்கும். பிறகு ஒரு உந்து. சத்தமில்லாமல் போய் விழும்.

"பின்னுக்கு இடமில்லாத ஆளுக்குச் செஞ்ச தடி மனே இது."

அவர் தடியைத்தான் சொன்னார். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டில் போய் ஏறுவான். நானும் அப்படித்தான், சண்டை வந்தால் வெளியே போ என்று சொல்கிற உரிமை எனக்கில்லை, போகிற உரிமைதான் எனக்கு. காக்காவுக்கு மூன்று தங்கச்சிமார். மூன்று பேருக்கும் வீடு கட்டத்தான் வெளிநாடு போனார். கடைசி வீட்டுக்கு ஓடு போட்டு முடியும்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் முடிக்காததால் ஏறுவதற்கு ஒரு வீடு இல்லை. ஒவ்வொரு தங்கச்சி வீட்டிலும் நான்கு மாதம். குறை சொல்ல முடியாது, மூவரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பதினாலு அடித் தடியை ஒரு தரமும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிப் பார்க்க முடியவில்லை. ஒரு வீட்டில் அது கட்டிலுக்குக் கீழே, ஒரு வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால்.

ஒருநாள் துண்டின் முனையில் வளையம் கட்ட மெல்லிய உறுதியான நூல் வேண்டும் என்றார். என் தங்கூசி தடிப்பாம். மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குக் கூட்டிப் போனேன். என் பெண்சாதிக்குத் தூரத்துச் சொந்தத்தில் அக்கா முறையான ஒரு ராத்தா அங்கே வீட்டுக் கொட்டிலில் தறி வைத்திருக்கிறார். புருஷன் மௌத்தாகிப் போய் நெடுங்காலம். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் தம்பி.

ராத்தா தறியை நிறுத்திவிட்டு நூல் எடுத்துத் தந்தார். "என்னத்தக் கட்டப் போறீங்க?"

காக்கா பையைத் திறந்து இரண்டு கறுப்புத் துண்டை எடுத்தார். "இது ரெண்டுலயும் எழுதியிருந்தது உப்புல அழிஞ்சி போயிட்டு. எது பாரம் எண்டு நகைக்கடையில நிறுக்கோணும்."

ராத்தா ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு இடையில் வைத்து ஒரு முழம் இழுத்தார். அவ்வளவுதான்.

"இது."

"எப்பிடித் தெரியும்?"

"நூலத் தொட்டுத் தொட்டுத்தானே நான் சோறு தின்னுறன். ஓடுற தண்ணிக்கா, நிண்ட தண்ணிக்கா?"

"ஓடுற தண்ணிக்கு."

"அப்ப பாரமானதப் போடுங்க. தறியிலயும் பாரம் காணாட்டி நூல் மேல தளும்பும்."

திரும்பி வந்ததும் நகைக்கடைக்கு ஓடினோம். ராத்தா காட்டிய துண்டு ஒன்பது கிராம். மற்றது ஏழு. "ஒரு பவுணும் ஒரு கிராமும்" என்று நகைக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் சொன்னார். காக்கா அந்தத் துண்டை மறுபடியும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"மனே, இருவது வருஷம் மத்தவங்களுக்கு நான் தெரிஞ்செடுத்துக் குடுத்தன். எனக்கு ஒராள் தெரிஞ்செடுத்துத் தந்தது இண்டைக்குத்தான்."

இதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் பெண்சாதிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த கிழமை மருதமுனைக்குப் போய்க் கலியாணம் கதைத்தாள். ராத்தா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அவர் ஊட்டுக்கு வந்து போகட்டும்" என்றாராம். ஒரு விதவைப் பெண் அதற்கு மேல் என்ன சொல்ல. தம்பியும் தலையாட்டினான்.

காக்காவிடம் சொன்னால், "ஆத்துவாய் வெட்டட்டும்" என்கிறார்.

"ஆத்துக்கும் கலியாணத்துக்கும் என்ன காக்கா?"

"மூணு ஊடு கட்டினன். மூணுலயும் எனக்கெண்டு அடிச்ச ஒரு ஆணி இல்ல. இன்னொரு ஊட்டுலயும் வெறுங்கையோட ஏற ஏலா மனே. அவங்க தெரிஞ்செடுத்துத் தந்த கயிறால ஒரு கொடுவா மீன் புடிச்சுக்கொண்டு போறன்."

மாரியில் வயல்களில் வெள்ளம் ஏறினால், களியோடை ஆறு கடலில் விழுகிற இடத்து மணல் திட்டை விவசாயிகள் வெட்டிவிடச் சொல்வார்கள். அதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. மற்ற நாளெல்லாம் குளம் மாதிரிக் கிடக்கிற தண்ணீர் அந்த ஒருநாள்தான் ஆறு மாதிரி ஓடும், கொடுவா எல்லாம் வாயில் வந்து நிற்கும். காக்காவின் தடிக்கு எங்கள் ஊரில் வருஷத்தில் ஒரே ஒரு வேலை நாள்.

அந்த நாள் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். பெக்கோ மெசின் வந்து திட்டைக் கிழித்தது. மத்தியான ளுஹர் தொழுகைக்குள் மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கரை முழுக்க வீச்சு வலைக்காரர்கள். காக்கா மணலில் குந்தி, பையைத் திறந்து, தண்ணீரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

முதலில் லேசான துண்டு. மேலேயே மிதந்து போனது. கழற்றினார். பிறகு ஏழு கிராம். அதுவும் சரிவரவில்லை.

"ராத்தாதான் சொல்லிட்டாவே, அதப் போடுங்களன் காக்கா."

"அது கடைசி மனே. அதுலயும் வரல்லெண்டா எனக்குப் போக வழியில்ல."

வலைக்காரர்கள் அவரைச் சுற்றி மீன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனது. எனக்குப் பசி. பசி வந்தால் எனக்கு வயிற்றுக்குப் பதில் வாய்தான் வேலை செய்யும். போனை எடுத்தேன். அவர் பையைத் திறந்து குந்தியிருப்பதைப் படம் பிடித்துக்கொண்டே கதைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இவர்தான் எங்கட புது மாப்பிள்ள. மருதமுனையில தறியடிக்கிற ராத்தாவுக்கு மாப்பிள்ளதான் மீனச் சீதனமாக் குடுக்கிறாராம். கயிறு தெரிஞ்செடுக்கவே உலகம் முடிஞ்சி கியாமத் நாள் வந்திரும். கலியாணம் மறுமையிலதான், சாப்பாட்டுக்கு அங்க வாங்க."

சிநேகிதர்கள் ஏழு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழே ஏழு பேர். உடனே ஏழு பேரும் சிரித்துப் பதில் போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகுதான் அவர் ஒன்பது கிராம் துண்டைக் கட்டினார். ராத்தாவின் நூலால் கட்டிய வளையத்தை விரலால் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். குறுக்கே எறிந்தார். கயிறு பாய் விரித்த மாதிரிப் போய்ப் படுத்தது. நுனி தாழ்ந்தது. ஆறு அதை மெல்ல வளைத்துக் கரைப்பக்கம் கொண்டு வந்தது. நடுவில் நின்றது.

"சிக்கிட்டா காக்கா?"

தடி வளைந்தது. கொடுவா ஒரு தரம் மேலே எழும்பி, செவுளை விரித்துத் தலையை உதறியது. வலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் போனைச் சேப்புக்குள் வைத்திருந்தேன். படம் பிடிக்க வேண்டியது இதைத்தான் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

மீனைக் கரையில் இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் குந்தினார். மெல்ல, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதன் மேலிருந்த மணலைக் கழுவினார். பிள்ளையைக் கழுவுகிற மாதிரி.

"ஓடு மனே, மருதமுனைக்கு."

நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எல்லாம் தாண்டினோம். பின்னால் காக்கா மடியில் மீனை வைத்துக்கொண்டு இருந்தார். அவர் பாட்டுப் பாடி நான் கேட்டதில்லை. அன்று காற்றுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

போய்ச் சேரும்போது கொட்டிலில் தறிச் சத்தம் கேட்டது. கேற்றில் ராத்தாவின் தம்பி நின்றான். கையில் போன்.

"தம்பி, ராத்தா இரிக்காவா?" என்று காக்கா கேட்டார். தறிச் சத்தம் நின்றது.

"முதல்ல இதப் பாருங்க காக்கா."

என் குரல் கேட்டது. என் குரல் அவ்வளவு அசிங்கம் என்று அன்றுதான் தெரியும். காக்கா மீனைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார். கியாமத் நாள் வந்தது, மறுமை வந்தது, சாப்பாடு வந்தது.

"இது பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள எத்தின பேர்ர போனுக்கு வந்திட்டெண்டு தெரியுமா? பொம்புளைகளெல்லாம் ராத்தாட்ட வந்து சீதன மீன் எங்கயெண்டு கேக்கிறாங்க. அவ ஊரச் சிரிக்க வெச்ச ஆள் இல்ல. இது சரிவராது காக்கா."

"சரி தம்பி. மீன எடுத்துக்கொள்ளுங்க."

"வேணாம்."

திரும்பினோம். தறிச் சத்தம் மறுபடி கேட்குமா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை.

பாண்டிருப்பில் வண்டியை நிறுத்தினேன். "காக்கா, நான்தான்..."

"நீ சொன்னதுல பொய் என்ன மனே? நேரமெடுத்தது நான்தானே."

அவர் அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடைக்கு வந்து அந்தக் கொடுவாவை மூன்றாக வெட்டினார். மூன்று பங்கையும் கையில் தூக்கித் தூக்கிச் சமன் பார்த்தார். என் தராசில் வைத்தேன். முள் மூன்றுக்கும் ஒரே இடத்தில் நின்றது. மூன்று தங்கச்சி வீட்டுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தனக்கு ஒரு துண்டும் வைக்கவில்லை.

அடுத்த மாதம் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை கிடைத்ததென்று வந்து சொன்னார். அறுபது வயதில். தோளில் குழாய், கையில் பை. பையிலிருந்து ஒன்பது கிராம் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ராத்தாவின் நூல் வளையம் அப்படியே இருந்தது.

"அங்க கடல்தான் மனே. இது ஆத்துக்கு. இத அவங்கட கையில குடுத்திரு."

"ஓம் காக்கா, நாளைக்கே குடுக்கன்."

துண்டைக் கடை ஆணியில் மாட்டினேன்; அந்த 'நாளைக்கு' இரண்டு வருஷம் அங்கேயே தொங்கியது. கல்முனைச் சந்தி வரைக்கும் பல தரம் போனேன். அங்கே போனதும் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். "உங்களுக்கு வாய்தான் நீளம், கால் கட்ட" என்றாள் என் பெண்சாதி. காக்காவின் போன் இரண்டு தரம் மணி அடித்தது. மூன்றாம் தரம், நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். அவளிடம் கூட ஏதோ விளக்கம் சொல்லப் போனேன்.

போன மாரியில் ஒருநாள் ராத்தா கடை வாசலில் நின்றார். தறியில் தொங்கவிட ஈயக்கட்டி வேண்டும் என்றார். குவியலில் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி ஆறு கட்டியைச் சமனாகத் தெரிந்தெடுத்தார். தராசுப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்கு அவர் மீன் புடிச்சது எதால?"

"நீங்க சொன்னதாலதான் ராத்தா. பாரமானதால."

"முதல்லயேவா?"

பொய் சொல்ல வாய் வந்தது. எனக்குப் பழகிய வாய். "இல்ல ராத்தா. கடைசியாத்தான். அதுலயும் வரல்லெண்டாப் போக வழியில்லயெண்டு பயந்தார்."

தலையை மெல்ல ஆட்டினார். நான் துண்டை ஆணியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். "உங்களுக்கிட்டக் குடுக்கச் சொன்னார். நான்தான் வரல்ல."

அவர் அதை வாங்கி, பெருவிரலிலும் முழங்கையிலும் மாற்றி மாற்றி, நூல் சுற்றுகிற மாதிரிச் சுற்றினார். ஈயக்கட்டிகளோடு பையில் வைத்தார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"அங்க அவருக்கு யாரு தெரிஞ்செடுத்துக் குடுக்கிற தம்பி?"

நான் வாயைத் திறந்தேன். அவர் படியிறங்கி, மருதமுனை பஸ்ஸுக்குப் போனார்.